நயினாதீவுக் கல்வெட்டும் வணிக ஒழுக்க விதிகளும்

பல்தேசியக் கம்பனிகள் பிற நாடுகளில் ஒழுகவேண்டிய முறைக்குப் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு 1976 ஆம் ஆண்டில் வழிகாட்டி நெறிகளை வகுத்தது. நாடு கடந்த வணிகத்துக்கு விதி செய்தல் அண்மைக்காலத்துக்கே உரியது என்னும் எண்ணமும் பரவலாக உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த நயினாதீவிலே, நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு அவ்வெண்ணத்துக்கு மறுப்பாக நிற்கின்றது.

முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை அது. கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில், அஃதாவது ஊர்காவற்றுறையில், வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படுதலும் வேண்டும். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியன. பிற பண்டங்கள் ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் சரிபாதி.

இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கல்வெட்டே கூறிவிடுகின்றது: யானையிலும் குதிரையிலும் அரசனுக்கு விருப்பம். யானை மலிந்த ஈழத்துக்கு யானை இறக்குமதி ஏன் என்று வியப்போர், இம்மன்னன் பர்மா மீது படையெடுத்ததற்கு யானை வணிகத் தகராறும் ஒரு காரணமெனச் சூளவம்சம் உரைப்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

தமிழகத்தில் வணிகர் தாமே தமக்கு விதித்துக்கொண்ட கடமைகளும் இருந்தன. பிரான்மலையில் உள்ள 13 ஆம் நூற்றாண்டுச் சாசனத்தில் ஐந்நூற்றுவர் முதலான கணத்தினர் உப்பு, நெல், பாக்கு, மிளகு ஆகியவற்றின் மீது கோயிலுக்கெனத் தாமே மகமை வைத்தனர். நயினாதீவு ஆணையோ வணிகரை அன்றி, அரசனது பண்டாரத்தையே வரையறை செய்கின்றது.

அதனோடு நேரே ஒப்பிடத்தக்கது, ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளித் துறையிலே காகதீயக் கணபதிதேவன் 1244-45 இல் பொறித்த அபயசாசனம். முன்னைய மன்னர் உடைந்த கலத்தின் பொருள் முழுவதையும் கவர்ந்தனர் என்றும், தான் கருணையால் முப்பதிலொன்றான தீர்வையை மட்டுமே கொள்வதாகவும் அவன் கூறுகின்றான். அறம் பேசும் சாசனம் அது. தன் நலத்தை மறையாத சாசனம் நயினாதீவினது. ஆயினும் துணியோ மிளகோ ஏற்றிய வணிகன், கடல் கொண்டது போக எஞ்சியதிற் பாதியை ஊராத்துறையில் இழந்தான். நூறாண்டளவு கழிந்து, அதே சரக்கு மோட்டுப்பள்ளியில் ஒதுங்கியிருப்பின் அவன் கொடுத்திருக்கவேண்டியது தீர்வை மட்டுமே.