எல்லைச் சீமையில் அச்சமும் வீரமும்

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மூலையில், குப்பத்தை அடுத்து அமைந்துள்ள சாந்திபுரம் பகுதி, 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காட்டையும், 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை சென்னையையும் சார்ந்திருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இச்சீமையில் பேய்ப்படமும் சண்டைப்படமும் ஏன் சலிப்பதேயில்லை என்ற கேள்விக்கு, திரையரங்குகளின் வரலாற்றில் மட்டும் விடை தேடுவது போதாது. திரை வருவதற்கு முன்பே அவ்விரண்டையும் ஒரே ஆட்டமாகக் கண்டு பழகிய கண்கள் இங்கிருந்தன.

சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில், தருமராசர் கோயில், திரௌபதி அம்மன் கோயில் என்று வழங்கும் கோயில்களின் முன்பு, பகலில் பாரதக் கதை சொல்லப்பட்டு இரவில் அதுவே கூத்தாக ஆடப்படுகிறது. நிறைவு நாளில் படுகளத்தில், அதாவது துரியோதனனின் வீழ்ச்சி நிகழ்த்தப்படும் திடலில், மண்ணால் செய்த அவனது பேருருவம் மல்லாந்து கிடக்க, வீமன் வேடமிட்டவர் அதன் தொடையைப் பிளந்ததும், அங்கிருந்து எடுத்த செந்நீரைப் பூசித் திரௌபதி வேடமிட்டவர் தம் விரிந்த கூந்தலை முடிகிறார். திருப்பதியில் மே மாத வாக்கில் நடைபெறும் தாத்தையகுண்ட கங்கையம்மன் ஜாத்திரையின் கதையும் இவ்வகையினதே: பெண்களை வதைத்த பாளையக்காரன் ஒருவன் அம்மனுக்கு அஞ்சி ஒளிந்துகொள்ள, அவள் வேடத்தின்மேல் வேடம் பூண்டு தேடி, துரை வேடத்தில் வந்தபோது அவன் வெளிப்பட, அவன் தலையைக் கொய்கிறாள். துரத்தலும் மாறுவேடமும் பழிதீர்த்தலும் அமைந்த இக்கதையில் திரைக்கதையாசிரியர் புதிதாகச் சேர்க்க வேண்டியது அதிகமில்லை.

அச்சமும் சண்டையும் இப்படி இணைந்து நிற்பதை இலக்கணமும் அறிந்தே இருந்தது. உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று வகுத்த தொல்காப்பியம், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசன் ஆகிய நான்கைக் கூறுகிறது. முதலாவது பேய்ப்படத்தின் களம் என்றால், கடைசி இரண்டும் சண்டைப்படத்தின் களம். போர்க்களத்தைப் பாடும் பரணி என்னும் சிற்றிலக்கிய வகையோ இவ்விரண்டையும் பிரிக்கவே இல்லை. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் வீரர் பொருது முடித்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன; அருவருப்பும் நகையும் அங்கே ஒரே பானையில் கொதிக்கின்றன.

1951-இல் விஜயா நிறுவனத்துக்காகக் கே. வி. ரெட்டி இயக்கிய பாதாள பைரவி தெலுங்கிலும் தமிழிலும் வெளியானபோது, எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதியும் என். டி. ராமாராவின் வீரனும் இப்பழைய இணையைத் திரைக்குக் கொண்டு வந்தனர். அதனினும் முழுமையாக அதைக் கையாண்டவர், உடுப்பிப் பகுதியில் பிறந்து, தெலுங்கில் புகழ்பெற்று, மொழிமாற்றப் படங்களின் வழியாகத் தமிழரையும் ஈர்த்த பி. விட்டலாச்சார்யா. மும்மொழிச் சீமையின் இரசனைக்கு இவரைவிடப் பொருத்தமான இயக்குநரைக் காண்பது அரிது. அவருடைய ஜகன்மோகினியில் (1978) பேய்ப்பெண் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்து எரிக்கும் காட்சியைத் தந்திரக் காட்சி, அதாவது படப்பிடிப்பு நுட்பத்தால் இல்லாததை இருப்பதாகக் காட்டும் காட்சி, என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பரணியின் பேயடுப்புக்கு அது நெருங்கிய உறவு. பரணியை அவர் படித்தாரா என்பது இங்கு பொருட்டன்று. அச்சத்தோடு சிரிப்பையும் எதிர்பார்க்கும் அவையை அவர் அறிந்திருந்தார் என்பதே போதும்.

மேலைநாட்டுப் பேய்ப்படங்கள் சிலவற்றில் தீமைக்குக் காரணம் இருப்பதில்லை. வீட்டில் குடியேறியதைத் தவிர வேறொரு குற்றமும் செய்யாதவர் மாள்கின்றனர். அவ்வகை அச்சம் இங்கே ஆழமாக வேரூன்றவில்லை. ராகவா லாரன்ஸ் இயக்கிய காஞ்சனாவில் (2011) நிலத்தைப் பறித்த அரசியல்வாதியால் கொல்லப்பட்ட திருநங்கையின் ஆவி, கோழையான நாயகனின் உடலில் புகுந்து, பாதிப் படத்தை நகைச்சுவையாகவும் மீதியைச் சண்டையாகவும் நடத்திச் செல்கிறது. அப்படம் ரசனையற்ற கலவை என்று பழிக்கப்படுவதுண்டு. ஆயினும், நாயகன் சேலை கட்டி வருவதை, ஆண்கள் பெண்வேடமிட்டு அம்மனுக்கு நேர்ச்சை செலுத்தும் கங்கையம்மன் ஜாத்திரையைக் கண்ட ஊரார் புதுமையாகக் கருதியிருக்க மாட்டார்கள்.