ஆறு மிஷின், பாதி கரண்ட்

திருப்பூரில் எனக்கு மாமா முறை ஆகும் ஒருவர் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருந்தார். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மிஷின். ஷிப்மெண்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பி.காம். படித்த திமிரில் அவருக்கு ஒரு யோசனை சொன்னேன்: ‘மிஷினை இன்னும் வேகமா ஓட்டச் சொல்லுங்க மாமா.’

சிரித்தார். ‘ஓட்டலாம் மாப்ளே. ஊசி ஒடியும், மோட்டார் சூடாயிரும், கரண்டு பில்லு எகிறும். அதுக்கு இன்னும் ரெண்டு மிசினைப் போட்டு நிதானமாத் தெச்சா வேலையும் முடியும், துணியும் கெடாது.’

இந்தக் கணக்கு இன்டெல் கம்பெனிக்கு முழுசாக உறைக்க 2004 ஆனது என்றால் நம்புவீர்களா?

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் என்றாலே மெகாஹெர்ட்ஸ்தான். வருஷா வருஷம் வேகம் ஏறியது. கூடவே சூடும் ஏறியது. சிப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பொதுவாக வோல்டேஜையும் கூட்ட வேண்டும். வோல்டேஜ் ஒரு மடங்கு ஏறினால் மின்சாரச் செலவு அதன் வர்க்கமாக ஏறும். இரண்டையும் பெருக்கினால்? ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட்ட, கிட்டத்தட்ட முக்கால் பங்கு கரண்ட் அதிகம். கட்டுப்படியாகுமா?

இப்படியே போனால் சிப்பின் சூடு அணு உலையைத் தொடும், ராக்கெட் வாயைத் தொடும், சூரியனின் மேற்பரப்பையே தொடும் என்று இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் 2001ல் எச்சரித்தார். அதே ஆண்டு ஐ.பி.எம். ஒரே சிப்பில் இரண்டு ‘கோர்’ வைத்த பவர்4ஐக் கொண்டு வந்தது. கோர் என்றால் கணக்குப் போடும் பகுதி. நம் பாஷையில், ஒரு மிஷினும் ஒரு டெய்லரும்.

இன்டெல்லோ ஒற்றை மிஷினையே விரட்டிக்கொண்டிருந்தது. பென்டியம் 4க்கு அடுத்து வரவேண்டிய சிப்புக்கு ‘தேஜஸ்’ என்று பெயர். தேஜஸ் என்றால் ஒளி, அனல். பெயர்ப் பொருத்தம் பிரமாதம்! 2004 மே மாதம் தேஜஸை மூட்டை கட்டி வைத்தார்கள். அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியமும் ரத்து. 2005ல் இரட்டை கோர் சிப்புகள் கடைக்கு வந்தன.

கதை இனி நம் பக்கத்து மாநிலத்தில்.

இன்டெல்லின் பெங்களூரு மையத்தில் நான்கு கோர் சிப் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர், ஊரின் புறநகர்ப் பெயரேதான்: ஒயிட்ஃபீல்ட். 2005ல் அதையும் ரத்து செய்துவிட்டது தலைமை. வருஷக்கணக்கில் உழைத்த வேலை, ஒரே அறிவிப்பில் காலி. எக்ஸ்போர்ட் ஆர்டர் கேன்சல் ஆன வலி திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் பட்டறையை மூடவில்லை. அதே பெங்களூரில் அடுத்து உருவானது ‘டன்னிங்டன்’. ஒரே சிலிக்கன் துண்டில் ஆறு கோர், 190 கோடி டிரான்சிஸ்டர்கள். இரண்டிரண்டு கோர்களாக மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நினைவகம். எல்லாருக்கும் பொதுவாகப் பெரிய நினைவகம் ஒன்று. துணிக்கட்டு பக்கத்திலேயே இருந்தால் எழுந்து போய் எடுக்கிற நேரம் மிச்சம் இல்லையா, அதே சங்கதி.

2008 செப்டம்பரில் அது வெளியானது. தமிழ்நாடு மின்வெட்டில் தவித்த வருஷம் அது. திருப்பூரில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றியே லாபம் கரைந்தது. அதனால் டன்னிங்டன் வரிசையில் என் கண் நின்றது ஒரே இடத்தில்தான். அதிவேக மாடல்: ஆறு கோர், 2.66 கிகாஹெர்ட்ஸ், 130 வாட். சிக்கன மாடல்: அதே ஆறு கோர், 2.13 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். பொது நினைவகம் கொஞ்சம் சிறிது. வேகத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. கரண்டில் குறைந்தது சரிபாதி!

ஆக, பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை. ஐ.பி.எம்.மில் இருந்த ஜீன் ஆம்டால் 1967லேயே இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருந்தார். வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், ஆறு கோர் போட்டாலும் நான்கு மடங்கு வேகம்தான் கிடைக்கும். ஆயிரம் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது. பன்னிரண்டு மிஷின் ஓடி என்ன, செக்கிங் டேபிளில் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால்?

இன்று சாதாரண மொபைல் போனிலேயே எட்டு கோர். சிலது வேகத்துக்கு, சிலது சிக்கனத்துக்கு. வாங்குகிறவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள்.

மாமாவிடம் டன்னிங்டன் கதையைச் சொன்னபோது அவர் எண்ணிக்கையைக் கேட்கவில்லை.

‘ஆறு பேரு சரி மாப்ளே. ஆறு பேருக்கும் சும்மா உக்காராம துணி வெட்டிக் குடுக்கறது யாரு?’

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் இன்றுவரை மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி அது.