ஸ்டார் அடுக்ககம்

ஸ்டார் அடுக்ககம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், நீண்டகாலம் வீடின்றித் தெருவில் வாழ்ந்தோருக்காகக் கட்டப்பட்ட ஆறு தளக் குடியிருப்புக் கட்டிடம் ஆகும். கட்டிடக்கலைஞர் மைக்கேல் மால்ட்சான் வடிவமைத்த இதில் 102 ஓரறை வீடுகள் உள்ளன. ஸ்கிட் ரோ ஹவுசிங் டிரஸ்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்புக்காக எழுப்பப்பட்ட இக்கட்டிடத்தில் 2013 ஆம் ஆண்டில் மக்கள் குடியேறத் தொடங்கினர்.

பின்னணி

நகர மையத்தை ஒட்டிய ஸ்கிட் ரோ, வீடற்றோர் பெருமளவில் வாழும் பகுதியாகும். 1976 இல் நகர நிர்வாகம் வீடற்றோருக்கான விடுதிகளையும் உதவி நிலையங்களையும் இப்பகுதிக்குள்ளேயே அடக்கிவைக்கும் கொள்கையை ஏற்றது. 1989 இல் தொடங்கப்பட்ட மேற்படி அமைப்பு, இங்கிருந்த பாழடைந்த பழைய விடுதிகளை வாங்கிச் சீரமைத்தது. பின்னர் புதிய கட்டிடங்களையும் எழுப்பியது. மால்ட்சான் இவ்வமைப்புக்காக முன்னரே ரெயின்போ (2006), நியூ கார்வர் (2009) ஆகியவற்றை வடிவமைத்திருந்தார்.

குடிப்பழக்கத்தைக் கைவிட வேண்டும், சிகிச்சைக்கு உடன்பட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை விதிக்காமல் முதலில் வீட்டை அளிப்பது "முதலில் வீடு" என்னும் அணுகுமுறையாகும். நியூயார்க்கில் 1992 இல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டமே இதற்கு முன்னோடி. ஸ்டார் அடுக்ககமும் இவ்வழியைச் சார்ந்ததே.

வடிவமைப்பு

மனையில் இருந்த ஒற்றைத் தளக் கடைக் கட்டிடம் இடிக்கப்படவில்லை. அதன் கூரை மட்டத்தில் பொதுத்தளமும், அதற்குமேல் வீடுகளும் அமைந்தன. வீடுகள் ஐடஹோ மாநிலத் தொழிற்சாலையில் பெட்டிகளாகச் செய்யப்பட்டு, பாரவுந்துகளில் கொணரப்பட்டு, பாரந்தூக்கிகளால் அடுக்கப்பட்டன. தொழிற்சாலையில் செய்த வீடுகள் படைமுகாம் போலத் தோன்றுவது வழக்கம். இங்கு அவை முன்னும் பின்னுமாக விலக்கி அடுக்கப்பட்டதால் இடைவெளிகளும் நிழலும் உருவாகி அத்தோற்றம் தவிர்க்கப்பட்டது.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சமையலிடமும் குளியலறையும் பூட்டக்கூடிய கதவும் உண்டு. வரிசைக் கட்டில்களில் உறங்கி, காலையில் உடைமைகளுடன் வெளியேற வேண்டிய இரவு விடுதிகளில் வாழ்ந்தவருக்கு அக்கதவு சிறு வசதியன்று. பொதுத்தளத்தில் சமையற்கூடம், தோட்டம், நடைப்பாதை முதலியன உள்ளன. தெருவுக்கு இறங்காமலேயே திறந்தவெளியில் உலவ இது வழிசெய்கிறது. தரைத்தளத்தில் மாவட்ட சுகாதாரத் துறைக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

நிதி நெருக்கடி

இத்தகைய கட்டிடங்களை எழுப்ப நிதி திரட்டுவதைவிட, அவற்றைத் தொடர்ந்து பராமரிப்பது கடினமாயிற்று. பழைய விடுதிகளின் பழுதுபார்ப்புச் செலவு, காலியாகக் கிடந்த அறைகள், போதாத வாடகை மானியம் ஆகியவற்றால் அமைப்பின் நிதிநிலை சீர்குலைந்தது. 2023 இல், நகர நிர்வாகத்தின் கோரிக்கைப்படி, அதன் 29 கட்டிடங்களை நிர்வகிக்க நீதிமன்றம் பொறுப்பாளரை நியமித்தது. ஏறத்தாழ 1,500 குடியிருப்போரின் இருப்பிடம் இதனால் கேள்விக்குள்ளானது. பல விடுதிகளில் கழிவறைகளும் பூட்டுகளும் பழுதடைந்திருந்தன.