துணை நின்றவர்களின் வரலாறு

தீர்த்தமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் எழுவது தீர்த்தகிரீசுவரர் கோயிலும் பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தமும்தான். அது இருக்கும் தருமபுரி மாவட்ட அரூர் வட்டத்திலேயே, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று அங்கே நுழைந்த வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வன்புணர்வுக்கு ஆளாக்கினார்கள். கைப்பேசியில் படத்தைப் பரப்புவதாக மிரட்டப்படும் பெண்ணுக்கு எப்படி உதவுவது என்ற இன்றைய கேள்விக்கான பாடம் இந்த வட்டத்திலேயே இருக்கிறது. ஏட்டில் சட்டம் இருப்பதால் மட்டும் நீதி வந்துவிடாது. பாதிக்கப்பட்டவரை முதல் நாளே நம்பி, கடைசிவரை கூட நிற்க ஆள் வேண்டும்.

வன்புணர்வைத் தண்டிக்கும் சட்டம் 1992இலும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்க அதிகார வட்டாரத்தில் ஆள் இல்லை. குற்றம் செய்தவர்களே அரசின் சீருடையில் இருந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அவர்களோடு நின்று வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 1995இல் விசாரணை சிபிஐயிடம் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. இத்தனை ஆண்டும் அந்தப் பெண்கள் சாட்சியிலிருந்து பின்வாங்காததற்கு முதல் காரணம் அவர்களின் மன உறுதி. அடுத்த காரணம், ஒருவரையும் தனியாக விடாத துணை.

இணையக் குற்ற வழக்குகளிலும் இதே பாடம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்தது. ஒரு பெண்ணின் பெயரில் மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி யாகூ குழுவில் ஆபாசச் செய்தி பரப்பியவருக்கு 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த புகாரைக் காவல்துறை உடனே கையில் எடுத்ததுதான் அந்த வேகத்துக்குக் காரணம். பன்னிரண்டு ஆண்டு கழித்து, சட்டம் இன்னும் வலுவாகியிருந்த 2016 ஜூனில், பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் நடந்ததோ நேர்மாறு. மாற்றி ஒட்டிய படம் முகநூலில் வந்ததாக ஓர் இளம்பெண்ணின் குடும்பம் புகார் கொடுத்தது. விசாரணை இழுத்தடிக்கப்பட்டது, புகாரைக் கவனிக்க ஒரு காவலர் கைப்பேசியை லஞ்சமாக வாங்கியதும் வெளிவந்தது. சில நாட்களில் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் கண்காணிப்பாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போனது, உடனே செயல்படும் ஓர் அதிகாரி.

பெண்களைப் படம்பிடித்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில், கைவிடுதல், துணை இரண்டையும் காணலாம். 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரியே வெளியே சொன்னார். அரசாணையிலும் அது அச்சாகியது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறகு மூடிய அறையில் அடையாளம் காத்து விசாரணை நடந்தபோது பெண்கள் துணிந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

வாச்சாத்தியில் நடந்த அரச வன்முறையையும் இணையத் தொல்லையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கலாம். கொடுமையின் அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வாச்சாத்தியின் துயரத்தை ஓர் ஊரே சேர்ந்து சுமந்தது. படத்தைக் காட்டி மிரட்டப்படும் பெண்ணோ வீட்டுக்குள்ளேயே தனியாகிறாள், அம்மாவிடம்கூடச் சொல்ல முடிவதில்லை. துணை இல்லாமையைப் பொறுத்தவரை இவள் நிலை இன்னும் மோசம். பெண்பிள்ளைகளிடம் போன் கொடுத்ததுதான் தவறு என்பவர்களும் உண்டு. உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, தேர்வு முடிவு எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட காலத்தில், அதைப் பிடுங்குவது குற்றவாளியை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவளைத் தண்டிப்பது. சொன்னால் போனைப் பிடுங்குவார்கள் என்ற பயமே மிரட்டுபவனுக்குப் பலம். பொய்ப்புகார் பெருகும் என்றால், அதைப் பிரித்தெடுக்கத்தான் விசாரணை இருக்கிறது. விசாரிக்காமல் திருப்பி அனுப்பினால் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது.

வழிகள் இன்று இல்லாமல் இல்லை. பணம் பறிபோனால் உடனே அழைக்க 1930, பெண்களுக்கு 181, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளம் எல்லாம் உண்டு. அந்தரங்கப் படத்தைப் புகார் வந்ததும் குறித்த நேரத்துக்குள் நீக்க நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டு விதிகள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வருமான வரம்பில்லாமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஆனால் தீர்த்தமலையிலிருந்து மாவட்டத் தலைநகரான தருமபுரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். யாருக்கும் தெரியாமல் ஒரு மாணவி தனியே அங்கே போய் அந்நியர் முன் இதைச் சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் உதவி உள்ளூரிலேயே தொடங்க வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை, மகளிர் சுயஉதவிக் குழுவில் ஒருவர், சட்டப் பணிகள் குழுவின் ஒரு தன்னார்வலர் போதும். படத்தை அழிக்காமல் திரைப்பதிவு எடுத்து வைக்கவும், பணம் கொடுக்காமல் இருக்கச் சொல்லவும், புகாரை எழுதவும், நிலையத்துக்குக் கூடப் போகவும் அவர்கள் கற்றிருந்தால் போதும். வாச்சாத்திப் பெண்களுக்குச் சங்கங்கள் தாமாக முன்வந்து செய்ததை, இந்த வட்டத்தின் ஒவ்வொரு பெண்ணுக்கும் அரசு கடமையாகச் செய்ய வேண்டும்.