அசையாத படங்கள்: தமிழ்த் திரை ‘ஸ்டில்’லின் வரலாறு

தமிழின் முதல் பேசும் படம் எனப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி, நாயகி டி.பி. ராஜலட்சுமி. அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட இன்று கிடைப்பதில்லை. ஆனாலும் தமிழ் சினிமாவின் பிறந்தநாளைக் கொண்டாடும் கட்டுரை எதுவாக இருந்தாலும் ராஜலட்சுமியின் முகம் அதில் இருக்கும். படம் போய்விட்டது, போட்டோ நின்றுவிட்டது. பழைய நட்சத்திரங்கள்மீது நமக்குள்ள ஏக்கத்தை ஆராய்கிறவர் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சுருள்கள் போனதற்குக் காரணம் தெரிந்ததுதான். அன்றைய நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். சென்னையின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் தானாகவே மக்கும். ஓடி முடிந்த படத்தை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964இல். அதற்குள் முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. காகிதத்துக்கு இந்தக் கதி நேரவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் பாட்டுப் புத்தகமும் போட்டோவும் பத்திரமாகக் கிடந்தன. சினிமா வரலாற்றாசிரியர் சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டது சுருள் இல்லாத இந்த வறுமையால்தான்.

இந்தச் சான்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் போற்றும் பழைய ஸ்டில் படத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டன்று. டைரக்டர் காட்சியை ஓகே செய்ததும் தளத்தில் ‘ஸ்டில்!’ என்று ஒரு குரல் எழும். கலையப்போன நடிகர்கள் திரும்பி வந்து நிற்பார்கள். முக்காலியில் ஏற்றிய பெரிய கேமராவுக்குப் பின்னால் ஸ்டில் போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைப்பார். நாயகன் நாயகியைப் பார்க்க வேண்டிய காட்சியில், இருவர் முகமும் தெரியும்படி தோளைத் திருப்பி நிறுத்துவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கணம். பிறகு நெகடிவ் டச்சிங் மேசைக்குப் போகும். கூர் சீவிய பென்சில் கண்ணுக்குக் கீழிருக்கும் கருவளையத்தையும் கழுத்துச் சுருக்கத்தையும் மறைத்துவிடும். அந்த நெகடிவிலிருந்து போட்ட பிரதிகள் தியேட்டர் ஷோகேஸுக்கும், பத்திரிகை பிளாக்குக்கும், பாட்டுப் புத்தக அட்டைக்கும் போயின. ஆக, நாம் ‘அந்தப் படத்தின் காட்சி’ என்று கையில் வைத்திருப்பது திரையில் எவரும் பார்த்திராத ஒன்று. டிக்கெட் விற்பதற்காகவே செய்த பண்டம் அது.

இப்படிச் சொல்வதால் அதன் கலையைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். அந்தக் காலத்து ஒளியமைப்பின் அக்கறைக்கு ‘மீரா’ (1945) ஒன்றே போதும். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையை மார்பளவுச் சிலையாகச் செய்வித்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து எந்தக் கோணத்தில் எந்த விளக்கு விழுந்தால் முகம் எப்படி மாறுகிறது என்று அதை வைத்துச் சோதித்துப் பார்த்தார். எம்.எஸ்ஸை நேரில் கண்டிராத மூன்றாம் தலைமுறையும் அந்த மீராவை ‘தெய்விகம்’ என்கிறதென்றால், அந்தத் தெய்விகத்தில் பாதிப் பங்கு பொறுமையாக உட்கார்ந்திருந்த பிளாஸ்டர் சிலைக்குச் சேரும்.

ஹாலிவுட்டின் நிழல் வேறு விதமாகவும் விழுந்தது. ‘வனமோகினி’யில் (1941) இலங்கையிலிருந்து வந்த கே. தவமணி தேவி, டாரத்தி லாமூரின் சாரோங்கை நினைவூட்டும் உடையில் தோன்றினார். அன்றைக்கு முகம் சுளிக்க வைத்த அந்தப் போட்டோ, இன்று ‘அந்தக் காலத்து அழகு’ என்ற தலைப்பில் கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. பழையதானால் எல்லாமே பண்பாடாகிவிடும் போலிருக்கிறது.

ஐம்பதுகளில் ஸ்டில்லின் பயணம் மாறியது. ‘பேசும் படம்’ முதலிய சினிமாப் பத்திரிகைகளுக்குப் பக்கத்தை நிரப்பப் படங்கள் வேண்டியிருந்தன. கேமராவும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ (1958) ஸ்டில்களைத் தாமே பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று பெயரெடுத்த ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் அவர்தான். கொடுத்ததில் மிஞ்சியதை அவர் தூக்கி எறியவில்லை. 2016இல் மறையும்வரை தமிழ்ப் படங்களின் தகவலையும் படத்தையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். தயாரிப்பாளரோ ஸ்டுடியோவோ பல்கலைக்கழகமோ செய்யாத வேலையைத் தனி மனிதர் ஒருவர் செய்தார். அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கிக்கொண்டது.

போட்டோவின் வலிமையை அரசியல் எடுத்துக்கொண்ட ஆண்டு 1967. ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலையில் தி.மு.க. வேட்பாளரான அவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார், பிரச்சாரத்துக்கு வர முடியாது. அவருக்குப் பதில் கழுத்துக் கட்டோடு இருக்கும் அவர் போட்டோ போஸ்டராகி ஊர் ஊராகப் போனது. டச்சிங் இல்லை, ஒப்பனை இல்லை, தொப்பியும் இல்லை. திரையில் அடி வாங்கியும் எழுந்து நின்றவரை அடிபட்ட நிலையிலேயே மக்கள் கண்டார்கள். எம்.ஜி.ஆர். வென்றார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அந்த வெற்றிக்கு அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் பெரிய காரணங்கள். எல்லாவற்றையும் ஒரு போட்டோவின் கணக்கில் எழுதுவது ஆய்வாகாது. என்றாலும், ஒரு தலைமுறையிடம் அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டால் முதலில் சொல்வது கழுத்துக் கட்டைத்தான்.

ஏக்கம் தனிச் சந்தையாக உருவானது இதற்குப் பிறகுதான். 1985 தீயில் அழியும்வரை மூர் மார்க்கெட்டில் பழைய பாட்டுப் புத்தகமும் போட்டோவும் குவியலாகக் கிடைத்தன. பிறகு அவை நடைபாதைக் கடைகளுக்கு இறங்கின. 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்ட ‘கர்ணன்’ (1964) மறுபடி திரைக்கு வந்து நன்றாக ஓடியபோது, பழசுக்குக் காசு உண்டென்று வியாபாரிகளுக்கும் புரிந்தது. இப்போது கறுப்பு வெள்ளை முகங்களுக்குக் கணினியே வண்ணம் பூசிக் கொடுக்கிறது. சேலை என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது. பார்க்கிற நமக்கும் தெரியாது என்பதால் எவரும் தகராறு செய்வதில்லை.

திருவல்லிக்கேணி நடைபாதையில் நான் வாங்கிய ஒரு ஸ்டில் மேசைமேல் கிடக்கிறது. முன்பக்கம் புன்னகைக்கும் நாயகி, நான்கு மூலையிலும் குண்டூசித் துளை, துருக்கறை. திருப்பினால் பசைத் தடம், பென்சிலில் எழுதிய ஒரு எண், பாதி அழிந்த ரப்பர் ஸ்டாம்பு. எந்த ஊர்த் தியேட்டர்களில் தொங்கியது, யார் எடுத்தது என்பதற்கெல்லாம் தடயம் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்க முடியும். ஆர்.என். நாகராஜ ராவ், திருச்சி கே. அருணாசலம் போன்ற ஸ்டில் போட்டோகிராபர்களின் பெயர்களாவது டைட்டில் கார்டில் நிலைத்தன. இதே ஸ்டில்லை இணையத்தில் தேடினேன். பல பிரதிகள் கிடைத்தன, சிலவற்றில் சேலைக்குப் பச்சை, சிலவற்றில் ஊதா. எல்லாமே முன்பக்கம் மட்டும்தான்.