பட்டம் கிடைக்காத புதுக்கோட்டை ராணி



பணியில் இருந்தபோது தொண்டைமான் மன்னர்களின் வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு அடுத்து ராஜகோபாலத் தொண்டைமான். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "சார், மார்த்தாண்ட பைரவருக்குப் பிள்ளை இல்லையா?" என்றாள். "அது பாடத்தில் இல்லைம்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது. இப்போதாவது சரியான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

1915 ஆகஸ்ட் மாதம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நம் மன்னருக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. மணமகள் மோலி ஃபிங்க். ஒரு வழக்கறிஞரின் மகள். அவருக்கு வயது இருபது. மன்னர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டே இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்கவில்லை. 'ஹைனஸ்' என்ற பட்டத்தையும் தரவில்லை. அவருக்கு அரளி விஷம் கொடுக்க முயன்றதாகவும் ஒரு பேச்சு உண்டு. சில மாதங்களிலேயே இருவரும் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார்கள். 1916 ஜூலையில் மகன் பிறந்தான். பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். அவனையும் வாரிசாக ஏற்க மறுத்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயருக்குத் துணை நின்றது நம் சமஸ்தானம். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த பழியும் நம் மண்ணுக்குத்தான் வந்தது. இவ்வளவு விசுவாசம் காட்டியும், மன்னரின் மனைவி ராணியா இல்லையா என்று தீர்மானித்தது ஆங்கிலேயர்தான்!

மன்னர் மீதும் குறை சொல்லலாம். மனைவிக்காக விட்டுக்கொடுக்காதவர், ஊரை விட்டுக்கொடுத்துவிட்டார். 1922இல் அவருடைய சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜண்டாகப் பொறுப்பேற்றார். மன்னர் 1928 மே மாதம் பாரிசில் காலமானார். லண்டனில் தகனம் நடந்தது. சிட்னிக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பட்டமோ, தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த ஆறு வயது ராஜகோபாலருக்குச் சென்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1936இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டே, விவாகரத்தான ஓர் அமெரிக்கப் பெண்ணுக்காக முடியைத் துறந்தார். மறு ஆண்டு அவர்கள் திருமணம் செய்துகொண்டபோது, அந்தப் பெண்ணுக்கும் 'ராயல் ஹைனஸ்' பட்டம் மறுக்கப்பட்டது. நம் ஊர் ராணிக்கு நடந்தது அவர்கள் வீட்டிலும் நடந்தது.

மோலி பிரான்சு நாட்டுக் கடற்கரை ஊரான கான் நகரில் வாழ்ந்து 1967இல் மறைந்தார். முப்பத்தொன்பது ஆண்டுகள் விதவை வாழ்க்கை. அதற்குள் ஆங்கிலேயர் போய்விட்டார்கள். 1948இல் சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்துவிட்டது. மறுக்கப்பட்ட பட்டத்தைக் கொடுப்பதற்கும் ஆள் இல்லை, வாங்கி ஆள்வதற்கும் சமஸ்தானம் இல்லை.

அன்று கேள்வி கேட்ட அந்த மாணவி இதைப் படித்தால் அவளுக்கு என் பதில் இதுதான்: பிள்ளை இருந்தாரம்மா. பெயர் சிட்னி. பெற்றவர் பெயர் மோலி. பாடத்தில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

உங்கள் பிள்ளைகள் இப்படிக் கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள்.