வாப்பாவின் ரிசீவர் ஏன் புகைந்தது?

கடந்த நோன்புகால விடுமுறையில் வீடு துப்புரவாக்கும்போது வாப்பாவின் பழைய ரிசீவரை அலுமாரி மேலிருந்து இறக்கினோம். 80களின் தொடக்கத்தில் சவூதியிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான். அந்நாளில் அங்கே வீட்டுக் கறண்ட் 127 வோல்ட், நமது நாட்டில் 230. பின்பக்கத்தில் உள்ள வோல்டேஜ் திருகியைத் திருப்ப மறந்தால் செட் அன்றோடு சரி. அதையெல்லாம் கவனமாகப் பார்த்தோம். கோட்டை விட்டது ஸ்பீக்கரில்.

தம்பி கொழும்பில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் இரண்டு சோடி ஸ்பீக்கர் வாங்கி வந்தான். ஏ-யில் ஒரு சோடி, பி-யில் ஒரு சோடி. வாப்பா சவூதியிலிருந்து கசெட்டில் பேசி அனுப்பிய கடிதங்களை உம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதுதான் எண்ணம். சத்தம் காணாது என்று கூட்டினோம். பத்து நிமிடத்தில் கருகல் மணம், பிறகு புகை.

திருத்துபவர் மூடியைத் திறக்கும் முன்பே கேட்டார்: "சேர், ஸ்பீக்கர் எத்தனை ஓம்?"

சமாந்தரத் தடையைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும் நாங்கள் ஸ்பீக்கரின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து தேடி வாசித்தோம். இந்த 'ஓம், வாட்' தொல்லையின் வேர் ஓர் ஆசிரியரில் போய் நின்றது.

அவருக்கு முந்தைய கதை இது. 1940களில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் போல் கிளிப்ஷ் என்பவர் 'கிளிப்ஷோர்ன்' என்ற ஸ்பீக்கரைச் செய்தார். அலுமாரி அளவு. வீட்டின் மூலையில் வைக்க வேண்டும், இரு சுவர்களும் அதன் கொம்புக் குழலின் தொடர்ச்சியாகிவிடும். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபலுக்கு மேல் சத்தம். 10, 15 வாட் தரும் வால்வு அம்ப்ளிபயர் அதற்குத் தாராளம்.

எட்கர் வில்ச்சர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்டல் பற்றி மாலை வகுப்பு எடுத்தவர். அந்நாளைய ஸ்பீக்கர்களில் கூம்பைப் பிடித்திருந்த விளிம்பு விறைப்பாக இருக்கும். பேஸ் ஒலி குழம்புவது அதனால்தான் என்று அவர் கண்டார். விளிம்பைத் தளர்த்திவிட்டு, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பாவித்தால் என்ன? மனைவி ரோஸ்மேரி மெத்தைத் துணியில் தளர்வான விளிம்பு தைத்துக் கொடுத்தார். அந்த மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்த ஹென்றி குளோஸ் என்ற இராணுவத்தினன் ஆசிரியரோடு கூட்டுச் சேர்ந்தான். 1954இல் இருவரும் கேம்பிரிட்ஜ் நகரில் 'அக்கூஸ்டிக் ரிசேர்ச்' கம்பனியைத் தொடங்கினார்கள். அவர்களது ஏஆர்-1, பிறகு 1958இல் ஏஆர்-3, புத்தகத் தட்டில் வைக்கும் பெட்டிக்குள்ளிருந்து அலுமாரிக்கு ஈடான பேஸ் தந்தன.

ஆனால் சும்மா கிடைக்கவில்லை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். பிற்காலத்தில் குளோஸின் பங்காளியான அன்டன் ஹொஃப்மனின் பெயரில் 'இரும்பு விதி' என்று இதைச் சொல்கிறார்கள். பெரிய கொம்பு ஸ்பீக்கருக்கும் இந்த மூடிய பெட்டிக்கும் 15 டெசிபல் வித்தியாசம் என்றால், அதே சத்தத்துக்குச் சுமார் 30 மடங்கு வாட் வேண்டும்.

இருந்தும் சின்னப் பெட்டிதான் வென்றது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. வரவேற்பறையில் இரண்டு அலுமாரியை எந்த வீட்டுக்காரி சம்மதிப்பாள்? அடுத்த வருடமே டைனகோ கம்பனியின் ஸ்டீரியோ 70 வந்தது, பக்கத்துக்கு 35 வாட். ஏஆரும் டைனகோவும் சேர்ந்து ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற வயலின் குழுவை வைத்துப் பல ஊர்களில் சோதனைக் கச்சேரி நடத்தின. இடையில் வாசிப்பதை நிறுத்தி, வில்லை மட்டும் அசைத்துக்கொண்டு ஒலிப்பதிவை ஓடவிடுவார்கள். மாறிய இடத்தைச் சபையில் பலரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருத்தமான சோடி என்றால் அது.

நம் ரிசீவரின் விதி எழுதப்பட்டது அடுத்த கட்டத்தில். வால்வு அம்ப்ளிபயரில் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் இருக்கும். 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனை, ஸ்பீக்கருக்கு ஏற்றதில் கம்பியைப் பூட்டினால் போதும். 60களில் வந்த ட்ரான்சிஸ்டர் செட்டுகள் அந்தப் பாரத்தைக் கழற்றிப் போட்டன. விலை குறைந்தது, எடை குறைந்தது, நடுவில் நின்ற காவல்காரனும் போனான். ஓம் பாதியானால் கறண்ட் இரட்டிப்பாகிறது, சூட்டை ட்ரான்சிஸ்டர்தான் தாங்க வேண்டும். 1967இல் வந்த ஏஆர்-3ஏ 4 ஓம். அப்படி இரண்டு சோடியைச் சமாந்தரமாகப் பூட்டினால் 2 ஓம். நாங்கள் செய்தது இதே வேலைதான்.

வாட் கணக்கிலும் ஏமாற்று நடந்தது. கண நேர உச்சத்தை அளந்து பெட்டியில் பெரிய இலக்கம் போட்டார்கள். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1974இல் விதி கொண்டுவந்தது: இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடும்போது தொடர்ந்து தரக்கூடிய வாட்டைத்தான் சொல்ல வேண்டும். பிறகு ஜப்பான்காரர்கள் உண்மையாகவே வாட்டைக் கூட்டினார்கள். 1978இன் பயனியர் எஸ்எக்ஸ்-1980 பக்கத்துக்கு 270 வாட், தூக்க இரண்டு பேர் வேண்டும். வாப்பாவுடையது 25 வாட் கூட இல்லாத கடைக்குட்டி.

வில்ச்சர் 1967இல் கம்பனியை விற்றுவிட்டுச் செவிப்புலன் கருவி ஆராய்ச்சிக்குப் போனார். அதில் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை எடுக்காமல் எல்லாரும் பாவிக்க விட்டுவிட்டார். ஆசிரியர் புத்தி!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செட் இருந்தால், போடுவதற்கு முன் ரிசீவரின் முதுகையும் ஸ்பீக்கரின் முதுகையும் வாசியுங்கள். ரிசீவரில் 8 ஓம் என்றிருந்தால் 4 ஓம் பெட்டியை இரண்டு சோடியாகப் பூட்டாதீர்கள். சத்தம் உடைந்து கரகரத்தால் குறையுங்கள், அந்த நேரத்தில் முதலில் போவது ட்வீட்டர்.

திருத்துபவர் நான்கு ட்ரான்சிஸ்டர் மாற்றித் தந்தார். இப்போது 8 ஓம் ஒரு சோடி மட்டும். பெருநாளைக்கு அடுத்த நாள் உம்மாவை உட்கார வைத்து முதல் கசெட்டைப் போட்டோம். வாப்பா சலாம் சொன்ன கையோடு கேட்கிறார், கறண்ட் பில் கட்டியாச்சா என்று.